கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு பவர்? டெல்டா பக்கத்து வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகள்

மன்னார்குடியில் கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீஸும் செய்கிறோம். திருத்துறைப்பூண்டி, நீடாமங்கலம், பட்டுக்கோட்டை, வேதாரண்யம் என்று நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கல்யாண ஸ்டுடியோக்காரர்கள், ஃபிளக்ஸ் கடைக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள் என்று ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, இந்தக் கார்டு எவ்வளவு பவர்?" வாயால் சொன்னால் வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுகிறது. அதனால் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். பாதிப் பேருக்குக் கடைக்கே வர வேண்டியிருக்காது.

என் கம்ப்யூட்டரில் என்ன கார்டு இருக்கிறது? எங்கே பார்ப்பது?

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் இடது வரிசையில் சிபியு, மெமரி, டிஸ்க் எல்லாவற்றுக்கும் கீழே ஜிபியு 0 என்று இருக்கும் (ஜிபியு என்றால் கிராபிக்ஸ் வேலையைச் செய்கிற சிப்). அதைத் தட்டினால் வலது மேல் மூலையில் கார்டின் பெயர் வரும். ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு இருந்தால் பெரும்பாலும் ஒன்று புராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், மற்றது தனிக் கார்டு. விண்டோஸ் 10க்கு 2017 கடைசியில் வந்த அப்டேட்டிலிருந்துதான் இந்த வசதி உண்டு. அதற்கும் பழைய விண்டோஸ் என்றால், விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டத்தில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு எழுத்தையும் இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டினால், டிஸ்ப்ளே பக்கத்தில் பெயர் இருக்கும்.

மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று வந்தால் பயப்பட வேண்டாம். கார்டு இருக்கிறது, அதை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவர்தான் இல்லை. டிரைவரைப் போட்டபின் மறுபடி பாருங்கள்.

பெயரைக் குறிக்கும்போது கடைசி எழுத்து வரை குறியுங்கள். போனில் "3050 இருக்கு அண்ணே" என்று மட்டும் சொன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது. டெஸ்க்டாப்பில் மட்டுமே ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 6 ஜிபி கார்டும் உண்டு. முதலாவதில் 2560 கோர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னச் சின்னப் பகுதிகள்), இரண்டாவதில் 2304 கோர். மெமரிக்குப் போகும் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கிவிடுகிறது. ஆக, இரண்டு ஜிபி குறைந்த அதே கார்டு என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு கார்டு.

4 ஜிபி கார்டு என்றால் 2 ஜிபி கார்டைவிட இரண்டு மடங்கு பலமா?

இல்லை. ஜிபியைப் பார்த்துக் கார்டு வாங்கி நொந்து போனவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

நம் ஊரில் யாருக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். மேட்டூர் அணை நிரம்பினால் 93 டிஎம்சிக்கு மேல் தண்ணீர். ஆனால் கடைமடையில் நாற்று விட்டுக் காத்திருப்பவர் அதோடு நிற்கமாட்டார், "எத்தனை ஆயிரம் கன அடி திறந்திருக்காங்க?" என்றுதான் கேட்பார். அணையில் எவ்வளவு கிடக்கிறது என்பது ஒரு கணக்கு, வாய்க்காலில் எவ்வளவு ஓடுகிறது என்பது வேறு கணக்கு. கார்டில் போட்டிருக்கும் ஜிபி டிஎம்சி மாதிரி. கன அடி மாதிரியானது பேண்ட்வித், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை ஜிபி போய் வருகிறது என்ற அளவு. அந்தத் தண்ணீரை வாங்கி வேலை செய்கிற ஆட்கள்தான் கோர்கள்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஜிடி 730 என்று ஒரு கார்டு. 4 ஜிபி டிடிஆர்3 மெமரியோடு ஏராளமாக விற்றது. அதன் 64 பிட் வகையில் 384 கோர், பேண்ட்வித் நொடிக்கு 14.4 ஜிபி. ஜிடிஎக்ஸ் 750 டிஐ 2014இல் வந்தது. பெரும்பாலும் 2 ஜிபிதான். ஆனால் 640 கோர், பேண்ட்வித் 86.4 ஜிபி. மெமரி பாதி, ஓட்டம் ஆறு மடங்கு. எந்த கேமைப் போட்டாலும் 750 டிஐ முன்னால் நிற்கும்.

இன்னும் மோசமானது ஜிடி 1030. ஒரே பெயர், ஒரே 2 ஜிபி. ஆனால் ஜிடிடிஆர்5 போட்டதில் நொடிக்கு 48 ஜிபி ஓடும், 2018இல் வந்த டிடிஆர்4 வகையில் 16.8 ஜிபிதான். அட்டைப்பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் மட்டும்தான் வித்தியாசம் தெரியும். வாங்கும் முன் அந்த ஓரத்தைப் படியுங்கள்.

அப்போ ஜிபி முக்கியமே இல்லையா?

முக்கியம்தான், போதாமல் போகும்போது. வேலைக்குத் தேவையான படம், டெக்ஸ்சர், வீடியோ எல்லாம் கார்டின் மெமரிக்குள் அடங்கிவிட்டால் மிச்சமிருக்கும் ஜிபியால் எந்த லாபமும் கிடையாது. அடங்காவிட்டால் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து எடுத்து எடுத்துப் போட வேண்டும், அங்கேதான் திக்கித் திணறும்.

ஜிபி முதலிடத்துக்கு வருகிற வேலை இப்போது ஒன்று வந்திருக்கிறது. காலேஜ் பிள்ளைகள் தங்கள் கம்ப்யூட்டரிலேயே ஏஐ மொழி மாடல்களை ஓட்டிப் பார்க்கிறார்கள். 700 கோடி அளவுருக்கள் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) கொண்ட மாடலை, ஒவ்வொரு எண்ணையும் 4 பிட்டாகச் சுருக்கினால்கூட அது மட்டுமே 3.5 ஜிபி பிடிக்கும், மேற்கொண்டு வேலை செய்யவும் இடம் வேண்டும். 4 ஜிபி கார்டில் மூச்சு முட்டும், 8 ஜிபியில் தாராளமாக ஓடும். இந்த வேலைக்காக வாங்குபவருக்கு, வேறு விஷயங்களில் கொஞ்சம் பழசானாலும் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060ஐயே நான் இன்னும் சொல்கிறேன்.

டாஸ்க் மேனேஜரில் 8 ஜிபி ஜிபியு மெமரி என்று காட்டுகிறது. என்னிடம் 8 ஜிபி கார்டு இருக்கிறதா?

டெடிகேட்டட் என்ற வரியில் இருப்பதுதான் கார்டின் சொந்த மெமரி. ஷேர்டு என்ற வரி, தேவைப்பட்டால் உங்கள் ராமிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளும் அளவு. இரண்டையும் கூட்டிக் காட்டுகிற எண்ணை விட்டுவிடுங்கள்.

பெயரில் இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

என்விடியா கம்பெனியின் ஜிஃபோர்ஸ் கார்டு என்றால், கடைசி இரண்டு இலக்கம் தரம், அதற்கு முன்னால் இருப்பது தலைமுறை. 3060இல் 30 தலைமுறை, 60 நடுத்தரம். 50 என்றால் கீழ்ப்படி, 70, 80, 90 என்று போகப் போக மேல்படி. பின்னால் டிஐ, சூப்பர் என்று இருந்தால் அதே எண்ணில் கொஞ்சம் கூடுதல் பலம். முன்னால் ஜிடி என்று மட்டும் இருந்தால் மானிட்டரில் படம் காட்டவும் வீடியோ பார்க்கவுமே அது, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஏஎம்டி கம்பெனியின் கார்டில் ஆர்எக்ஸ் 6600 என்றால் 6 தலைமுறை, 600 தரம், எக்ஸ்டி இருந்தால் மேலே.

புதுசு என்பதற்காகப் பலம் என்று நினைக்காதீர்கள். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080, 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650ஐ இன்றைக்கும் எளிதாக முந்தும். கோர் எண்ணிக்கையையும் அதே குடும்பத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். 1080இலும் 2560 கோர், 8 ஜிபி 3050இலும் 2560 கோர். ஆனால் 30 வரிசையில் என்விடியா கோர்களை எண்ணும் கணக்கே மாறிவிட்டதால் இரண்டும் சமமில்லை. பெரும்பாலான கேம்களில் பழைய 1080தான் முன்னே போகும்.

லேப்டாப்பிலும் 3060, டெஸ்க்டாப்பிலும் 3060. இரண்டும் ஒன்றா?

பெயர்தான் ஒன்று. டெஸ்க்டாப் 3060க்கு 12 ஜிபி, 170 வாட். லேப்டாப் 3060க்கு 6 ஜிபி, அதற்கு எத்தனை வாட் கொடுப்பது என்பதை லேப்டாப் செய்கிற கம்பெனி 60லிருந்து 115 வரை தன் வசதிக்கு ஏற்ப வைத்துக்கொள்ளும். மெல்லிசான லேப்டாப்பில் 60 வாட், தடித்த லேப்டாப்பில் 115 வாட் என்றால் இரண்டும் ஒரே வேகத்தில் எப்படி ஓடும்? லேப்டாப் திரையின் காலி இடத்தில் மவுஸின் வலது பட்டனைத் தட்டி என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் போனால் மேக்சிமம் கிராபிக்ஸ் பவர் என்று ஒரு வரி இருக்கும். லேப்டாப் வாங்கும்போது கடையிலேயே அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

தனிக் கார்டு இல்லாத லேப்டாப்புக்கு ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல ஐ5, ஐ7 லேப்டாப்புகளில் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் உண்டு. ஆனால் ஒரே ஒரு ராம் மட்டும் போட்டிருந்தால் அதே லேப்டாப் தன்னை யுஎச்டி கிராபிக்ஸ் என்றுதான் காட்டும். இரண்டாவது ராம் போட்டுத் திறந்தால் பெயரே ஐரிஸ் எக்ஸ்இ என்று மாறிவிடும், வேகமும் கூடும். இந்த வகை கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி இல்லை, ராம்தான் வாய்க்கால். ஒரு வாய்க்கால் இரண்டாகிறது, அவ்வளவுதான். ஏஎம்டி ரைசன் லேப்டாப்பில் பெயர் மாறாது, பலன் அங்கேயும் உண்டு.

அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் பெரிய கேம் ஓடுமா?

2011இல் தொடங்கிய திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கின்றன. கடைக்கு வந்தவற்றில் தனிக் கார்டு பார்த்ததில்லை, பின்னால் போடவும் இடமில்லை. ராமைக் கூட்டி எஸ்எஸ்டி போட்டால் படிக்க, டைப் அடிக்க, டேலி போட நன்றாக உழைக்கும். அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரெல்லாம் பார்த்தாகிவிட்டது. உண்மையான பலத்தை அளப்பது எப்படி?

ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் செய்கிற வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் ஜிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளைத் திறப்பேன். முதல் பக்கத்தில் மெமரி வகை, பஸ் அகலம் (மெமரிக்குப் போகும் பாதையின் அகலம்), பேண்ட்வித், கோர் எண்ணிக்கை எல்லாம் வந்துவிடும். சென்சார்ஸ் பக்கத்தைத் திறந்து அப்படியே ஓரமாக வைத்துவிடுவேன். அப்புறம் யூனிஜைன் ஹெவன் ஓட்டுவேன். 2009இல் வந்த பழைய சோதனைதான், ஆனால் சுமார் 250 எம்பியில் முடிந்துவிடும். போன் ஹாட்ஸ்பாட்டில் நெட் வாங்குகிறவர்களுக்கு இதுவே வசதி. நல்ல நெட் இருந்தால் 2017இல் வந்த சூப்பர்பொசிஷன், அல்லது ஸ்டீமில் இலவச டெமோவாகக் கிடைக்கும் 3டிமார்க். வருகிற மதிப்பெண்ணை, அதே கார்டு வைத்திருக்கும் மற்றவர்கள் எடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். ஹெவனில் வாங்கியதை 3டிமார்க்கில் வாங்கியதோடு ஒப்பிடக்கூடாது, அது கணக்குப் பரீட்சை மார்க்கைத் தமிழ்ப் பரீட்சை மார்க்கோடு சேர்த்துப் பார்ப்பது மாதிரி.

ஒரு தடவை ஓட்டி நிறுத்திவிடாதீர்கள். மூன்று தடவை, இடைவெளி விடாமல். முதல் தடவைக்கும் மூன்றாவதுக்கும் மதிப்பெண் நன்றாக இறங்கினால் கார்டு சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. என்விடியா கார்டு என்றால் ஜிபியு-இசட்டில் பெர்ஃப்கேப் ரீசன் என்ற வரி ஏன் குறைத்தது என்பதையே சொல்லும். தெர்மல் என்றால் சூடு, பவர் என்றால் வாட் வரம்பு. சென்ற கத்திரி வெயிலில் ஒரு 1650ஐ இப்படி ஓட்டினேன். முதல் தடவை ஃபேன் சத்தம் சாதாரணம். இரண்டாவதில் மெல்லிய விசில் மாதிரி ஏறியது. மூன்றாவதில் 84 டிகிரியைத் தொட்டதும் கிளாக் வேகம் படிப்படியாக இறங்குவது கண்முன்னே தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகட்டுக்கும் நடுவில் கம்பளி மாதிரி தூசி, அதில் உமி.

ஃபர்மார்க் என்று ஒன்று உண்டு. அது சூட்டைச் சோதிக்க மட்டும். பலத்தை அளக்க அதை நம்பாதீர்கள், மணிக்கணக்கில் ஓட்டவும் வேண்டாம்.

எத்தனை டிகிரி வரை போகலாம்?

முழு வேலையில் 65இலிருந்து 80க்குள் இருந்தால் நிம்மதி. பல ஜிஃபோர்ஸ் கார்டுகள் 83 டிகிரியை ஒட்டியே தங்களை நிறுத்திக்கொள்ளப் பார்க்கும், அதற்காக வேகத்தைக் குறைக்கும். அறையில் வெயில் எட்டு டிகிரி ஏறினால் கார்டிலும் ஏறக்குறைய எட்டு டிகிரி ஏறும். மார்கழியில் வாங்கிய மதிப்பெண் சித்திரையில் வராமல் போனால் முதலில் அறையைச் சந்தேகப்படுங்கள்.

நம் பக்கத்துக்கென்று இரண்டு தொல்லைகள். ஒன்று, அறுவடைத் தூசி. குறுவைக்கும் சம்பாவுக்கும் கதிர் அறுக்கும் மெஷின் ஓடும்போதும், ரோட்டில் நெல் காயும்போதும் பறக்கிற சுனை ஜன்னல் வழியாக நேரே கேபினட்டுக்குள் போகிறது. கொள்முதல் நிலையம், ரைஸ் மில் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்கள் அறுவடை முடிந்ததும் ஒரு தடவை புளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்று வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். இன்னொன்று, உப்புக் காற்று. வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையோரத்திலிருந்து வருகிற கார்டுகளில் ஸ்க்ரூ துருப்பிடித்து, தங்க முலாம் பூசிய பின்களில் மங்கல் படிந்திருக்கும். கார்டைக் கழற்றி அந்தப் பின்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகளைத் துடைத்துவிட்டு மாட்டினாலே பல கார்டுகள் உயிர் பெற்றுவிடுகின்றன.

சோதனை நடுவில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து விடுகிறதே?

பெரும்பாலும் கார்டு மேல் குற்றமில்லை, கரன்ட் போதவில்லை. மதர்போர்டு சாக்கெட் அதிகபட்சம் 75 வாட் தரும். 6 பின் ஒயர் இன்னொரு 75, 8 பின் 150. கேபினட்டோடு சேர்ந்து வரும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குள் கரன்ட் பிரித்துத் தரும் பெட்டி) 450 வாட் என்று ஒட்டியிருந்தாலும் அவ்வளவு தராது. 3060 மாதிரி 170 வாட் கார்டுக்கு 80 பிளஸ் சான்று உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் கட்டாயம்.

அப்புறம் யுபிஎஸ். கடைகளில் சகஜமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது ஏறக்குறைய 360 வாட்தான். கேம் ஓடும்போது கரன்ட் போனால் பீப் என்று கத்திவிட்டு அதுவும் அணைந்துவிடும். கிராமத்தில் பம்ப்செட் மோட்டார்கள் ஓடும் நேரம் வோல்டேஜ் இறங்கினால் இதே கதை. ஒரே சோதனையை ராத்திரி பதினோரு மணிக்கு ஓட்டிப் பாருங்கள். அப்போது அணையாமல் ஓடினால் கார்டு நல்ல கார்டு, ஸ்டெபிலைசர்தான் வாங்க வேண்டும்.

புதுக் கார்டு போட்டேன், ஒரு மாற்றமும் இல்லையே?

கேபினட்டின் பின்பக்கம் பாருங்கள். மானிட்டர் ஒயர் மேலே, யுஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில் செருகியிருந்தால் அது மதர்போர்டின் கிராபிக்ஸ். கீழே படுக்கைவாக்கில் இருக்கும் கார்டின் ஓட்டையில் செருக வேண்டும். பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி பஸ்ஸில் கேபினட்டை மடியில் வைத்துக் கொண்டுவந்தார். "புதுக் கார்டு அண்ணே, மூணு மாசமா ஒண்ணும் ஏறல" என்றார். ஒயரைக் கீழே மாற்றிச் செருகினேன். கார்டின் ஓட்டையில் பிளாஸ்டிக் மூடி இன்னும் அப்படியே இருந்தது. காசு வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

லேப்டாப்பில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் போய், உங்கள் மென்பொருளைத் தேர்ந்தெடுத்து ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுத்தால் அது தனிக் கார்டில் ஓடும்.

கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு எவ்வளவு பலமான கார்டு வேண்டும்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தை, வைகாசி முகூர்த்தங்களில் இதனால் தூக்கம் கெடும் ஸ்டுடியோக்காரர்கள் பலர்.

எடிட்டிங்கில் கார்டு செய்வது இரண்டு வேறு வேலைகள். கலர் கரெக்‌ஷன், எஃபெக்ட், புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தைச் சுத்தம் செய்வது எல்லாம் கோர்களின் வேலை, அங்கே பெரிய கார்டுக்குப் பலன் உண்டு. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் இதைத்தான் அதிகம் கேட்கும். ஆனால் கேமரா எடுத்த வீடியோவைப் பிரித்துப் படிப்பது கார்டுக்குள் இருக்கும் தனிப் பகுதியின் வேலை. அதற்குப் படிக்கத் தெரிந்த வகை என்றால் சுலபமாக ஓடும், தெரியாத வகை என்றால் எத்தனை ஆயிரம் கோர் இருந்தாலும் உதவாது.

இப்போது வரும் நல்ல கேமராக்கள் எச்.265 என்ற சுருக்க முறையில், நிற விவரம் கூடுதலாக உள்ள 10 பிட் 4:2:2 வகையில் பதிவு செய்கின்றன. என்விடியா கார்டுகளில் இந்த வகையைப் படிக்கும் பகுதி 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் முதன்முதலாக வந்தது. அதற்கு முந்தைய 3060 ஆகட்டும் 4090 ஆகட்டும், இந்த வீடியோவைத் தொடாது. முழுப் பாரமும் புராசஸர் மேல் விழும். ஆனால் இன்டெல் 11, 12ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்களுக்குள் இருக்கும் சாதாரண கிராபிக்ஸ் இதைப் படித்துவிடும். எனவே ஐ5 12400 வாங்கினால் பிழைத்தீர்கள். கொஞ்சம் காசு மிச்சம் என்று கடைசியில் எஃப் போட்ட 12400எஃப் வாங்கினால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது.

கும்பகோணம் பக்கத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் 3060 போட்ட புது மெஷினைக் கொண்டுவந்தார். தாலி கட்டும் காட்சியில் பிளே கொடுத்தால் படம் நின்று நின்று போகிறது, நாதஸ்வரம் மட்டும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து வீடியோ டீகோட் என்ற கட்டத்தைக் காட்டினேன். அது பூஜ்யத்தில் படுத்திருந்தது. புராசஸர் 100இல். எஃப் புராசஸரைக் கொடுத்துவிட்டு எஃப் இல்லாததை வாங்கிப் போட்டார், பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) உள் கிராபிக்ஸை ஆன் செய்தோம், எடிட்டிங் மென்பொருளிலும் இன்டெல் டீகோடிங்கைத் தேர்ந்தெடுத்தோம். அதே 3060தான், அதே வீடியோதான், தங்குதடை இல்லாமல் ஓடியது. புராசஸரை மாற்ற முடியாதவர்கள் இன்டெல் ஆர்க் ஏ380 மாதிரி சின்னக் கார்டு ஒன்றை இரண்டாவதாகப் போட்டும் இந்த வேலையை வாங்கலாம், மதர்போர்டில் இடம் இருந்தால்.

ஒரு எச்சரிக்கை. ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இரண்டிலும் வீடியோவை எழுதும் பகுதியே கிடையாது. கேம் விளையாடலாம், எக்ஸ்போர்ட் வேகத்துக்காக ஸ்டுடியோவுக்கு வாங்காதீர்கள்.

ஃபிளக்ஸ், ஆல்பம் டிசைன் வேலைக்கு?

போட்டோஷாப், கோரல்டிராவுக்கு நடுத்தரக் கார்டே போதும். அந்தக் காசில் 32 ஜிபி ராம் போடுங்கள். இருபது அடி பேனர் திறக்கும்போது திணறுவது பெரும்பாலும் ராம்தான்.

பலமான கார்டுதான், ஆனாலும் மென்பொருள் ஏற்க மறுக்கிறதே?

தாராசுரம் கோயில் ராஜகம்பீரன் மண்டபத்துத் தேர்ச்சக்கரத்தைப் பல கோணங்களில் போட்டோ எடுத்து 3டி உருவமாக்க ஒரு மாணவர் முயன்றார். ஆசையான வேலை, நானும் உட்கார்ந்து பார்த்தேன். அவர் வைத்திருந்தது நல்ல பலமான ஏஎம்டி கார்டு. ஆனால் அவர் எடுத்த மெஷ்ரூம் என்ற மென்பொருளின் முக்கியக் கட்டத்துக்கு "கூடா" (CUDA) வேண்டும். கார்டை வைத்துக் கணக்குப் போடும் அந்த முறை என்விடியாவில் மட்டும்தான் உண்டு. கடையில் இருந்த பழைய 1050 டிஐயில் போட்டோம், ராத்திரி முழுக்க ஓடியது, காலையில் சக்கரம் முழுசாக வந்திருந்தது. ஆரக்கால்களின் செதுக்கல்கூட தெரிந்தது. கார்டு வாங்கும் முன் உங்கள் மென்பொருளின் தேவைப் பட்டியலைப் படியுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா? போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

வாங்கலாம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற இணைய நாணயத்துக்குக் கார்டு வைத்துச் சுரங்கம் தோண்டும் (கணக்குப் போட்டு நாணயம் ஈட்டும்) முறை நின்றதும், அந்த வேலையில் இருந்த கார்டுகள் மூட்டை மூட்டையாக விற்பனைக்கு வந்தன. அதில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். ஃபேன் ஆடாமல் சுற்றுகிறதா, பதினைந்து நிமிட ஓட்டத்தில் படத்தில் கலர் புள்ளிகள், கோடுகள் வருகிறதா என்று பாருங்கள். புள்ளி வந்தால் மெமரி போயிருக்கிறது, எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

போலிதான் பெரிய ஆபத்து. ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ மாதிரி பழைய கார்டுகளின் பயாஸை, அதாவது கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளை, மாற்றி எழுதி, 1050 டிஐ என்று பெயர் காட்டவைத்து விற்கிறார்கள். விண்டோஸும் அந்தப் பெயரையே நம்பிக் காட்டும். பாபநாசம் பக்கத்துப் போட்டோகிராபர் ஒருவர் இணைய விளம்பரம் பார்த்து அப்படி ஒன்றை வாங்கிவந்தார். ஜிபியு-இசட் திறந்ததும் பெயருக்கு முன்னால் ஃபேக் என்ற சொல் நின்றது. 2018க்குப் பிந்தைய வெர்ஷன்கள் இதைக் கண்டுபிடித்துச் சொல்லும். மனுஷன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பருவம் முழுக்கச் சேர்த்த காசு. விற்றவரின் போன் அப்புறம் எடுக்கப்படவே இல்லை.

ஏமாற்று இல்லாமலே பெயர் குழப்புகிற கார்டும் உண்டு. ஆர்எக்ஸ் 580க்கு 2304 கோர் இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால் அது உள்ளுக்குள் ஆர்எக்ஸ் 570தான், 570 விலையே கொடுங்கள். ஜிடிஎக்ஸ் 1060இலும் அப்படித்தான், 6 ஜிபியில் 1280 கோர், 3 ஜிபியில் 1152. கையில் ஜிபியு-இசட் உள்ள பென் டிரைவோடு போங்கள். ஓட்டிக் காட்டாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

என்னிடம் இருக்கும் கார்டை இப்போது மாற்ற வேண்டுமா?

உங்களுக்குப் பிடிக்காமல் மெதுவாக ஓடும் அந்த ஒரு வேலையைத் திறந்து ஓட விடுங்கள். பக்கத்தில் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கம். 95 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் கார்டுதான் தடை, மாற்றலாம். 40, 50இல் நின்றுகொண்டு படம் திணறினால் தடை வேறு எங்கோ இருக்கிறது: புராசஸர், ராம், டிஸ்க். மேலே காட்டும் சதவீதம் கார்டின் பகுதிகளில் எது அதிகம் வேலை செய்கிறதோ அதன் அளவு, அதனால் 3டி, வீடியோ டீகோட், காப்பி என்று தனித்தனிக் கட்டங்களையும் பாருங்கள்.

நீடாமங்கலத்துப் பையன் ஒருவர் போன மாதம் 4060 வாங்கப் பணத்தோடு வந்தார். கேமை ஓட்டச் சொன்னேன். அவருடைய 1650, 38 சதவீதத்தில் நின்றது. 8 ஜிபி ராம் முழுக்க நிரம்பி ஹார்ட் டிஸ்க் லைட் அணையாமல் எரிந்தது. இன்னொரு 8 ஜிபி ராமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டுக் கொடுத்தோம். மறுபடி ஓட்டினால் அதே 1650, 97 சதவீதம். மிச்சப் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.